ஒருத்தர் அடிச்சுச் சொல்றத நம்புறதுக்கு முன்னாடி எப்படிச் சரிபாக்குறது: என் நோட்டுப் புத்தக வழி

சில வருஷத்துக்கு முன்னாடி சிங்கப்பூர் ஈசூன்ல எங்க வீட்டுக் கதவ ஒரு தம்பி வந்து தட்டுனாரு, கழுத்துல அட்டை, கையில சின்ன பெட்டி. அம்மா மட்டும்தான் வீட்டுல. ரெண்டு கிளாஸ் கேட்டிருக்காரு, ஒண்ணுல எங்க குழாத்தண்ணி, இன்னொண்ணுல அவர் கொண்டு வந்த ஃபில்டர் தண்ணி, ரெண்டுலயும் கம்பி வச்ச ஒரு மெஷின விட்டு சுவிட்ச் போட்டாராம். கொஞ்ச நேரத்துல குழாத்தண்ணி சேறு மாதிரி பழுப்பா ஆயிடுச்சு, ஃபில்டர் தண்ணி அப்படியே பளிச்னு நின்னுச்சு. "இதத்தான்மா இத்தன வருஷமா குடிச்சிட்டு இருக்கீங்க"ன்னு சொல்லியிருக்காரு. அம்மா பயந்துபோய் 1,680 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) தவணையில கையெழுத்துப் போட்டுட்டாங்க.

நான் கட்டடப் பராமரிப்பு வேலை பாக்குறவன், பம்பு, தண்ணித் தொட்டி, லிஃப்ட், ஏர்கான் இதுலயே இருவது வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. அந்த மெஷின்ல நடக்குறது என்னன்னா, குழாத்தண்ணியில கரைஞ்ச உப்பு, கால்சியம் மாதிரி தாதுக்கள் இருக்கும், அதனால கரண்ட் பாயும், கரண்ட் பாஞ்சா அந்த இரும்புக் கம்பிதான் கரையும். நீங்க பாக்குற பழுப்பு தண்ணியில இருந்த அழுக்கு கிடையாது, கம்பியோட துரு. தாது எல்லாத்தையும் எடுத்துட்ட தண்ணியில கரண்ட் சரியா பாயாது, அதனால கம்பி கரையாது, அதனால பளிச். அவ்வளவுதான். அந்தத் தம்பி சர்வீஸுக்கு மறுபடி வந்தப்ப நான் வீட்டுல இருந்தேன். "தம்பி, உங்க நல்ல தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டு அதே மெஷின வைங்க"ன்னேன். வச்சாரு. அதுவும் பழுப்பாச்சு. அவருக்கே அது புதுசு, முகத்துல தெரிஞ்சுது, அவருக்கு யாரோ சொல்லிக் குடுத்தத அவரும் நம்பித்தான் வித்துக்கிட்டு இருந்திருக்காரு. (கரண்ட் வேலை தெரியாதவங்க வீட்டுல இத நீங்களா செஞ்சு பாக்காதீங்க, கொண்டு வர்றவங்களையே செய்யச் சொல்லுங்க.) டிடிஎஸ் மீட்டர்னு ஒண்ணு காட்டி நம்பர் சொல்றாங்களே, அதுவும் இதே கதைதான், கரைஞ்ச தாது எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும், கிருமி இருக்கா ஈயம் இருக்கான்னு அதுக்குத் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனமே லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரைக்கும் குடிக்க நல்லாத்தான் இருக்கும்னு சொல்லுது.

இன்னொரு விஷயம், இது முக்கியம்: நீங்க கூப்பிடாம வீட்டுக்கே வந்து வித்தா, இங்க சட்டப்படி 5 வேலை நாளுக்குள்ள எழுதிக் குடுத்து ரத்து பண்ணலாம். அம்மா வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் என்கிட்ட சொன்னாங்க. அந்த வெக்கம்தான் எனக்கு இன்னிக்கும் வலிக்குது, காசு இல்ல.

அதுக்கப்புறம்தான் நான் ஒரு நோட்டு போட ஆரம்பிச்சேன், அத எப்படிப் போடுறதுன்னுதான் இங்க எழுதுறேன். டெக்னாலஜி, மருந்து, முதலீடு, அரசாங்கத் திட்டம், எதா இருந்தாலும் இதே நோட்டுதான்.

முதல் வேலை: ஒரு வரியில எழுதுங்க, தேதியோட

யாரு சொன்னாங்க, என்னிக்குச் சொன்னாங்க, என்ன நம்பர், எந்தத் தேதிக்குள்ள நடக்கும், நான் இப்போ என்ன நினைக்கிறேன். இவ்வளவுதான் ஒரு பதிவு. கேக்கச் சின்னதா இருக்கும், ஆனா எழுத உக்காந்தா பாதி விஷயம் அங்கயே உதிர்ந்துடும், ஏன்னா பாதிப் பேரு நம்பரும் சொல்றதில்ல தேதியும் சொல்றதில்ல. "ஏஐ எல்லாத்தையும் மாத்திடும்" – எத, எப்போ, யாருக்கு? எழுத முடியலைன்னா சரிபாக்கவும் முடியாது, சரிபாக்க முடியாதத நம்புறதுக்கும் இல்ல மறுக்குறதுக்கும் இல்ல, தள்ளி வச்சிடுங்க.

நல்ல பதிவு எப்படி இருக்கும்னா: 2016 ஆகஸ்டுல நியூடோனமிங்குற கம்பெனி ஒன்-நார்த்ல ஓட்டுநர் இல்லாத டாக்சிய பொதுமக்களுக்கு விட்டுச் சோதனை பண்ணுச்சு, உலகத்துலயே முதல்முறைன்னு பேசுனாங்க, 2018க்குள்ள முழுசா ஓட விடுறதுதான் இலக்குன்னு சொன்னாங்க. நம்பர் இருக்கு, தேதி இருக்கு. அடுத்து 2017ல போக்குவரத்து அமைச்சு பொங்கோல், தெங்கா, ஜூரோங் புத்தாக்க வட்டாரம் மூணு இடத்துல 2022ல இருந்து ஓட்டுநர் இல்லாத பஸ் முன்னோட்டமா ஓடும்னு சொன்னுச்சு. ரெண்டு தேதியும் வந்துச்சு, போச்சு, நான் டாக்சியும் ஏறல பஸ்ஸும் ஏறல. இதுல யாரும் பொய் சொன்னாங்கன்னு நான் சொல்ல வரல. சோதனையில கூட ஒரு ஆள் உக்காந்திருக்குற காரு ஓடுறதுக்கும், மழையில, ரோட்டு வேலை நடக்குற இடத்துல, யாரும் இல்லாம தினமும் ஓடுறதுக்கும் நடுவுல இருக்குற தூரம் ரொம்பப் பெருசு, எங்க லிஃப்ட் வேலையிலயே அது எனக்குத் தெரியும், டெமோ நாள் அன்னிக்கு எல்லா லிஃப்ட்டும் நல்லாத்தான் ஓடும். அதனால டெக்னாலஜிக்காரங்க சொல்ற வருஷத்த நான் இப்போ ரெண்டா பெருக்கிக்கிறேன், அது விஞ்ஞானம் இல்ல, என் நோட்டு சொல்லிக் குடுத்த பழக்கம்.

பழைய வாக்குறுதி தேட ஒரு இடம் சொல்றேன், தேசிய நூலக வாரியத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி, பழைய பத்திரிகைங்க, தமிழ் முரசு உட்பட, அதுல ஏத்தி வச்சிருக்காங்க. ஒரு சாயந்தரம் உக்காந்து ஏதாவது ஒரு பழைய பெரிய அறிவிப்பத் தேடிப் படிங்க, இன்னிக்குக் கேக்குற அறிவிப்ப வேற மாதிரி கேப்பீங்க.

எத்தனைல எத்தன? யார எண்ணுனாங்க?

இதுக்குத்தான் நான் அதிக நேரம் செலவு பண்றேன், ஏன்னா நம்பர் பொய்யா இருக்கவே வேண்டியதில்ல, உண்மையான நம்பரே தப்பான எண்ணத்தக் குடுத்துடும்.

எங்க ஆபீஸுக்கு ஒரு விற்பனையாளர் வந்தாரு, லிஃப்ட் பழுதாகுறதுக்கு முன்னாடியே ஏஐ கண்டுபிடிச்சிடும், 95 பர்சென்ட் துல்லியம்னாரு. எல்லாரும் தலையாட்டுனாங்க. நான் பேப்பர எடுத்துக் கணக்குப் போட்டேன். 100 லிஃப்ட் இருக்கு, ஒரு மாசத்துல நெசமா பழுதாகப் போறது 2ன்னு வச்சுக்குங்க. அந்த 2யும் மெஷின் பிடிச்சிடுதுன்னே வச்சுக்குவோம். மிச்சம் 98 நல்ல லிஃப்ட்ல 5 பர்சென்ட் தப்பா மணி அடிச்சா அதுவே கிட்டத்தட்ட 5. ஆக மொத்தம் 7 தடவ மணி அடிக்கும், அதுல 2தான் உண்மை. என் ஆளுங்க 7 தடவ ஓடணும், 5 தடவ சும்மா திரும்பி வரணும், மூணு மாசம் கழிச்சு மணி அடிச்சா யாருமே ஓட மாட்டாங்க. இன்னொண்ணும் பாருங்க, "எந்த லிஃப்ட்டும் பழுதாகாது"ன்னு மட்டும் எப்பவும் சொல்ற ஒரு மெஷின் செஞ்சா அதுக்கு 98 பர்சென்ட் துல்லியம், ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனால துல்லியம்னு யாராவது சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க: மணி அடிச்சதுல எத்தன உண்மை, உண்மையானதுல எத்தன தவற விட்டுச்சு. அவர்கிட்ட ரெண்டுக்கும் பதில் இல்ல. மூணு மாசம் எங்க பழைய பழுது ரெக்கார்ட வச்சு ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் காசப் பேசலாம்னோம், அவர் திரும்ப வரல.

அடுத்தது சம்பளம். 2024ல இங்க முழுநேரம் வேலை பாக்குறவங்களோட இடைநிலை மாசச் சம்பளம் 5,500 வெள்ளின்னு மனிதவள அமைச்சு சொன்னுச்சு. என் சித்தப்பா மகன் அதப் பாத்துட்டு "நான் பாதி சிங்கப்பூருக்குக் கீழ இருக்கேன்ணே"ன்னு ரொம்ப நொந்துக்கிட்டான். நான் சொன்னேன்: தம்பி, அந்த நம்பர்ல முதலாளி போடுற சிபிஎஃப்பும் (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) சேந்திருக்கு, 55 வயசு வரைக்கும் அது சம்பளத்துல 17 பர்சென்ட், உன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல இருக்குற சம்பளத்தோட இத நேரா ஒப்பிடக் கூடாது. இன்னொண்ணு, அதுல எண்ணுறது குடிமக்களையும் பிஆர்களையும் (நிரந்தரவாசிகள்) மட்டும்தான். கட்டட வேலையிலயும் ஷிப்யார்ட்லயும் பாடுபடுற நம்ம ஊரு பசங்க அந்தக் கணக்குல இல்லவே இல்ல. அத அவங்க மறைக்கல, அறிக்கையில தெளிவா எழுதித்தான் வச்சிருக்காங்க, ஆனா தலைப்புல அது வராது, யாரும் கீழ போய்ப் படிக்கிறதும் இல்ல.

இத நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் 2020. அப்போ தினமும் சாயந்தரம் கோவிட் நம்பர் வரும், சமூகத்துல இத்தன, தங்கும் விடுதியில இத்தனன்னு தனித்தனியா. சமூக நம்பர் குறைஞ்சா எல்லாரும் நிம்மதியா மூச்சு விட்டோம், நானும் விட்டேன். டிசம்பர்ல சுகாதார அமைச்சு ரத்தப் பரிசோதனை முடிவையும் சேத்து வெளியிட்டப்போ, விடுதியில இருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்கள்ல 47 பர்சென்ட் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்துச்சு. பிசிஆர்ல பிடிபட்டது 54,505 பேரு, ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சவங்க அதவிட அதிகம். காரணமும் அவங்களே சொன்னாங்க, நிறையப் பேருக்கு அறிகுறியே இல்ல, அதனால அப்போ சோதிக்கல. ஒரு நம்பர் "கண்டுபிடிச்சது" எத்தனன்னு சொல்லுதா, "இருக்குறது" எத்தனன்னு சொல்லுதான்னு பிரிச்சுப் பாக்கணும்னு எனக்குப் புரிய வச்சது அந்த அறிக்கைதான். அந்த 47 பர்சென்ட்ல எங்க சைட்ல வேலை செஞ்ச பசங்க இருந்தாங்க, அதனால அது எனக்கு வெறும் பாடம் இல்ல.

காசு எங்கருந்து வருது?

ஒருத்தர் நமக்கு அதிக வட்டி குடுக்குறாருன்னா அவருக்கு வேற எங்கயும் கம்மி வட்டிக்குக் கடன் கிடைக்கலைன்னு அர்த்தம், முதல்ல இத எழுதிக்குங்க. சிபிஎஃப் சாதாரணக் கணக்குல 2.5 பர்சென்ட். அதுக்கு மேல யாரு எவ்வளவு குடுத்தாலும், அந்த மிச்சம் எந்த ஆபத்துக்கான கூலின்னு கேக்கணும்.

தண்ணி சுத்திகரிக்கிற ஹைஃப்ளக்ஸ் கம்பெனி கதை இங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா எல்லாரும் அத ஒரு கம்பெனி கவுந்த கதையா மட்டும்தான் சொல்றாங்க. 2011ல முன்னுரிமைப் பங்கு, 2016ல நிரந்தரப் பத்திரம் வித்தாங்க, ரெண்டுக்கும் வருஷத்துக்கு 6 பர்சென்ட். சுமார் 34,000 பேரு, மொத்தம் 90 கோடி வெள்ளி. நிரந்தரப் பத்திரம்னா பேருலயே இருக்கு, அசலத் திருப்பிக் குடுக்கத் தேதி கிடையாது. நிறையப் பேரு அத பாங்க்ல போடுற ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி நினைச்சுட்டாங்க, ஓய்வுக்குச் சேத்து வச்ச காசப் போட்டவங்களும் அதுல இருந்தாங்க. தண்ணிக் கம்பெனி, நாட்டுக்கே தண்ணி தர்றவங்க, எப்படிக் கவுரும்னு நம்பிக்கை. ஆனா 2013ல திறந்த துவாஸ்ஸ்பிரிங் ஆலைய உள்ள போய்ப் பாத்தா அங்க கடல்தண்ணியச் சுத்திகரிக்கிறதோட ஒரு மின்நிலையமும் இருந்துச்சு, மிச்ச மின்சாரத்த வித்து லாபம் பாக்கலாம்னு கணக்கு, தண்ணிக்கு அவங்க கேட்ட விலை முதல் வருஷத்துக்கு ஒரு கன மீட்டருக்கு வெறும் 45 காசு. மொத்தச் சந்தையில மின்சார விலை இறங்குச்சு, கணக்கு கவுந்துச்சு. 2018 மே மாசம் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டாங்க, 2019 மே மாசம் அரசாங்கத் தண்ணி வாரியமான பியூபி ஆலைய எடுத்துக்கிச்சு.

இதோட இன்னொண்ண சேத்து வச்சுப் பாருங்க, இத யாரும் சேத்துப் பேசி நான் கேட்டதில்ல. 2018 கடைசியில இருந்து வீட்டுக்கு வீடு மின்சாரத்த வேற கம்பெனிகிட்ட வாங்கிக்கலாம்னு திறந்து விட்டாங்க, நிலையான விலை, கம்மி விலைன்னு எங்க பிளாக்குக் கீழ மேஜை போட்டு ஆளு பிடிச்சாங்க. 2021ல மொத்த விலை ஏறுச்சு, ஐஸ்விட்ச் உட்பட பல கம்பெனிங்க அந்த வருஷக் கடைசியிலயே மூடிட்டுப் போயிட்டாங்க. மின்சார விலை இறங்குனதால ஒருத்தர் கவுந்தாரு, மூணே வருஷத்துல ஏறுனதால இன்னும் சிலர் கவுந்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே தப்புதான், தன் கையில இல்லாத ஒரு விலை இப்படித்தான் இருக்கும்னு நம்பி வியாபாரம் கட்டுனது. அதனால எந்த வியாபாரமா இருந்தாலும் "எந்த ஒரு விலை மாறுனா இது நிக்காது?"ன்னு கேளுங்க. விக்கிறவருக்கு அந்தப் பதில் தெரியலைன்னா அவருக்கு வியாபாரமே தெரியல.

"பெரியவங்களே போட்டிருக்காங்க"ன்னு சொல்வாங்க. அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக் எஃப்டிஎக்ஸ் கிரிப்டோ சந்தையில 27.5 கோடி அமெரிக்க டாலர் போட்டு, சுமார் 8 மாசம் ஆராய்ஞ்சுதான் போட்டோம்னு சொல்லி, 2022 நவம்பர்ல அத்தனையையும் இழந்த கணக்குல எழுதுனாங்க. அவங்க மொத்தச் சொத்துல அது துளி, தாங்கிக்குவாங்க. பெரியவங்க போட்ட அளவப் பாக்காதீங்க, அது போனா அவங்களுக்கு என்ன ஆகும் உங்களுக்கு என்ன ஆகும்னு பாருங்க.

இலவசம், தள்ளுபடியும் இதே கேள்விதான். ஊபரும் கிராப்பும் போட்டி போட்டுக்கிட்டு கூப்பன் குடுத்த காலத்துல நம்ம எல்லாரும் ராஜா மாதிரி போனோம், 2018 மார்ச்ல கிராப் ஊபரோட இந்த வட்டார வியாபாரத்த வாங்குச்சு, அதுக்கப்புறம் கட்டணம் 10ல இருந்து 15 பர்சென்ட் ஏறுச்சுன்னு போட்டித்தன்மை ஆணையம் கண்டுபிடிச்சு ரெண்டு பேருக்கும் சேத்து சுமார் 1.3 கோடி வெள்ளி அபராதம் போட்டுச்சு. அதே வருஷம் ஜூன்ல வாடகை சைக்கிள் கம்பெனி ஓபைக் மூடிட்டுப் போச்சு, 49 வெள்ளி டெபாசிட் கட்டுனவங்க காசு திரும்பாம நின்னாங்க.

எங்க சரிபாக்குறதுன்னா: முதலீடுன்னா எம்ஏஎஸ் (சிங்கப்பூர் நாணய ஆணையம்) வச்சிருக்குற நிதி நிறுவனப் பட்டியல்ல பேரு இருக்கா, முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல்ல இருக்கா, ரெண்டையும் பாருங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. ஆனா பட்டியல்ல இருந்தா நல்ல முதலீடுன்னு அர்த்தம் இல்ல, ஹைஃப்ளக்ஸ் பங்குச் சந்தையில இருந்த கம்பெனிதான். அவசரப்படுத்துறாங்கன்னா, "இன்னிக்குள்ள"ன்னா, அங்கயே நிறுத்திட்டு மோசடி உதவி எண் 1799க்குக் கூப்பிடுங்க, 2024ல மட்டும் மோசடியில இந்த ஊரு இழந்தது 110 கோடி வெள்ளி.

மருந்தும் கொசுவும்

நம்ம குடும்ப குரூப்புல சக்கரை நோய்க்கு வராத மருந்தே இல்ல. மாமா ஒருத்தரு தினமும் அனுப்புவாரு, நல்ல மனசோடதான் அனுப்புறாரு, அவரு அண்ணனுக்குக் கால எடுத்த வேதனை அவருக்கு. அவர்கிட்ட நான் சண்டை போட்டதே இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்வேன், "மாமா, இயற்கைப் பொடின்னு சொல்லி ஒரே நாள்ல வேலை செஞ்சா அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்."

2008ல இங்க ஜனவரில இருந்து மே வரைக்கும் சக்கரை நோயே இல்லாத சுமார் 150 பேரு, ஒருத்தர் தவிர எல்லாரும் ஆம்பளைங்க, ரத்தத்துல சக்கரை படு கீழ இறங்கி ஆஸ்பத்திரில சேந்தாங்க, 4 பேரு இறந்துட்டாங்க. தேடிப் பாத்தா ஆண்மைக்குன்னு கள்ளத்தனமா வித்த மாத்திரைங்கள்ல கிளிபென்கிளமைடு கலந்திருந்துச்சு, அது சக்கரையக் குறைக்கிற பழைய மருந்து. மூலிகைன்னு வித்ததுலயும் இருந்துச்சு. லேபிள்ல என்ன எழுதியிருந்தாலும் உள்ள என்ன இருக்குன்னு ஆய்வுக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும். மூட்டு வலிக்கு விக்கிற பொருள்கள்ல ஸ்டெராய்டு இருக்குன்னு ஹெச்எஸ்ஏ (சுகாதார அறிவியல் ஆணையம்) அடிக்கடி எச்சரிக்கை விடுது, பேரப் போட்டே விடுது, வாங்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவ தேடுங்க.

"ஆபத்து பாதியாக் குறையும்"னு செய்தி வந்தா பாதி எதுலருந்துன்னு கேளுங்க, ஆயிரத்துல 2 பேருக்கு வர்றது 1 ஆனாலும் பாதிதான். 

இப்போ நான் தப்பா இருந்த ஒண்ணு. 2016ல என்இஏ (தேசிய சுற்றுப்புற வாரியம்) வொல்பாக்கியாங்குற பாக்டீரியா ஏத்துன கொசு விட ஆரம்பிச்சாங்க, பிராடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், எங்க பக்கம் நீ சூன் ஈஸ்ட். டெங்கியக் கட்டுப்படுத்தக் கொசுவ விடுறாங்கன்னதும் எங்க பிளாக்ல எல்லாருக்கும் கோவம், எனக்கும்தான், லிஃப்ட்டுக்குள்ள கொசு, மூஞ்சியில கொசு. நோட்டுல எழுதுனேன்: "இது வேலைக்கு ஆகாது." தேதியும் போட்டேன். விடுறது ஆண் கொசு மட்டும், அது கடிக்காது, பெண் கொசுவோட சேந்தா முட்டை பொரிக்காது, இது அப்பவே சொன்னாங்க, நான் காதுல வாங்கல. முதல்ல கொசு எண்ணிக்கை பாதியாத்தான் குறைஞ்சுதுன்னு அவங்களே சொன்னப்ப நான் சரின்னு நினைச்சேன். அப்புறம் முறைய மாத்தி மாத்திப் பாத்து ஈசூன்லயும் தெம்பனிஸ்லயும் 90 பர்சென்ட்டுக்கு மேல குறைச்சாங்க. அதோட நிறுத்தல, அதுதான் என்னை மாத்துச்சு: 2022ல சில இடத்துல விட்டு, சில இடத்துல விடாம, எந்த இடம்னு குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து ஒப்பிட்டுப் பாத்தாங்க. விட்ட இடத்துல குடியிருக்கறவங்களுக்கு டெங்கி வர்ற வாய்ப்பு 70 பர்சென்ட்டுக்கு மேல குறைவு. இந்த மாதிரி ஒப்பீடு இருந்தா நம்புங்க. விடாத இடத்துல என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்ட இடத்த மட்டும் காட்டுனா, அந்த வருஷம் டெங்கி தானாக் குறைஞ்சிருந்தாலும் அவங்க கணக்குலதான் சேரும். நோட்டுல அந்த வரியைக் குறுக்க அடிச்சுப் பக்கத்துல "நான் தப்பு"ன்னு எழுதியிருக்கேன். உங்க நோட்டுல இப்படி அடிச்ச வரி ஒண்ணு கூட இல்லைன்னா நீங்க சரிபாக்கல, எல்லாத்தையும் மறுக்குறீங்க. எல்லாமே பொய்ன்னு சொல்ற நண்பர்களும் எனக்கு இருக்காங்க, அவங்க எதையும் எழுதி வைக்கிறதில்ல.

அரசாங்கத் திட்டத்துல என்ன கேக்குறது

இங்க ரெண்டு கேள்வி: இதனால யாரு எத இழக்குறாங்க, சொன்ன வாக்கு சட்டத்துல இருக்கா.

முதல் கேள்விக்கு சிம்ப்ளிகோ. 2024 ஜனவரி 9 அன்னிக்கு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) வயசு வந்தவங்களோட பழைய ஈசி-லிங்க் பஸ், ரயில் கார்டெல்லாம் ஜூன் 1ல இருந்து செல்லாது, சிம்ப்ளிகோவுக்கு மாறணும்னு சொன்னுச்சு. பழைய கார்டுல காசு கணக்கு கார்டுக்குள்ளயே இருக்கு, அதனால கேட்ல தட்டுனதும் எவ்வளவு போச்சு எவ்வளவு மிச்சம்னு தெரியும். புதுசுல கணக்கு எங்கயோ சர்வர்ல இருக்கு, கேட்ல காட்டாது, போன்ல ஆப்ல பாக்கணும். பொறியாளர் கண்ணுக்கு அது நல்ல மாற்றம்தான். ஆனா எங்க அம்மா மாதிரி பத்து வெள்ளி பத்து வெள்ளியா ஏத்திக்கிட்டுப் போறவங்களுக்கு அந்த நம்பர்தான் தைரியம். சனங்க கேட்டாங்க, ரெண்டு வாரத்துக்குள்ள, ஜனவரி 22ல, முடிவ மாத்தி பழைய முறையும் இருக்கும்னாங்க, அதுக்கு இன்னும் 4 கோடி வெள்ளி செலவு. மாத்துனது நல்லது, நான் மனசாரப் பாராட்டுறேன், ஆனா அந்தக் கேள்விய முன்னாடியே யாராவது ஒரு மேஜையில கேட்டிருக்கணும்.

ரெண்டாவதுக்கு டிரேஸ்டுகெதர், கோவிட் நேரத்துல யாரு யார் பக்கத்துல இருந்தாங்கன்னு பதிவு பண்ண ஆப். 2020ல தொடர்புத் தடம் அறிய மட்டும்தான் அந்தத் தகவல்னு சொன்னாங்க, நானும் நம்பி எங்க சைட்ல எல்லாரையும் போட வச்சேன். 2021 ஜனவரியில நாடாளுமன்றத்துல ஒரு கேள்விக்குப் பதிலா, குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸ் அதக் கேட்டு வாங்க முடியும்னு தெரிய வந்துச்சு, அமைச்சர் தான் முன்னாடி பேசுறப்ப அந்தச் சட்டத்த நினைச்சுப் பாக்கலைன்னு சபையிலயே சொன்னாரு. பிப்ரவரியில புதுச் சட்டம் போட்டு 7 வகைக் கடும் குற்றத்துக்கு மட்டும்னு கட்டுப்படுத்துனாங்க. நான் சொல்லிப் போட்டவங்க முகத்தப் பாக்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அதுலருந்து பேச்சுல சொன்னத ஒரு பக்கமும் சட்டத்துல இருக்குறத இன்னொரு பக்கமும் எழுதுறேன். நாடாளுமன்றப் பேச்சு முழுசும் ஹன்சார்டுல இணையத்துல இருக்கு, செய்தியில வர்ற மூணு வரிக்குப் பதிலா அங்க போய்க் கேள்வியையும் பதிலையும் சேத்துப் படிங்க, பல நேரம் பதில்ல இருக்குறத விட கேட்டும் பதில் வராம போனதுதான் தெரியும்.

வீட்டுல பேசுறது எப்படி

குரூப்புல எல்லாரு முன்னாடியும் "இது பொய்"ன்னு போடாதீங்க. பெரியவங்களுக்கு அது அவமானம், அடுத்த தடவ உங்ககிட்ட கேக்காமயே காச அனுப்பிடுவாங்க, எங்க அம்மா ரெண்டு வாரம் மறைச்ச மாதிரி. போன் பண்ணுங்க. "சித்தப்பா, நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம், எந்தத் தேதிக்குள்ள தெரியும்னு சொல்லுங்க, நான் எழுதி வச்சுக்குறேன்"னு கேளுங்க. சித்தப்பா ஒருத்தரு மாசம் 5 பர்சென்ட் தர்ற ஒரு திட்டத்துல சேரப் போனவரு, இந்தக் கேள்விய அவரே அந்த ஏஜென்ட்கிட்ட கேட்டு, பதில் வராம திரும்பி வந்தாரு. நான் ஒண்ணும் சொல்லல.

மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஞாயித்துக்கிழமை காலையில நோட்ட எடுத்து, தேதி முடிஞ்ச வரிகளப் பாத்து பச்சையா சிவப்பான்னு குறிப்பேன், அரை மணி நேரம்தான். ஓட்டுநர் இல்லாத பஸ் வரி 2022லயே சிவப்பு. ஆனா 2025ல கிராப்பையும் கம்ஃபர்ட்டெல்குரோவையும் தேர்ந்தெடுத்து பொங்கோல்ல ஷட்டில் விடப் போறோம்னு எல்டிஏ சொன்னுச்சு, அதனால கீழயே புது வரி போட்டேன். என் ஊகம்: ஓடும், ஆனா ரொம்ப நாளைக்கு உள்ள ஒரு ஆள் உக்காந்திருப்பாரு. அக்கா வீடு பொங்கோல்லதான், அடுத்த தடவ போறப்ப ஒரு சுத்து ஏறி, முன் சீட்ட எட்டிப் பாத்துட்டு வந்து எழுதணும்.